மஞ்சள் வெள்ளைக் கொடியும் மாகிரட்டும்

திருகோணமலைக் கடற்கரை ஒழுங்கைகளில் நின்று தையல்காரி வீடு எதுவென்று கேட்டால் நாலு வீட்டைக் காட்டுவார்கள். கொடி தைக்கிறவவின் வீடு எதுவென்று கேட்டால் ஒரே வீட்டைத்தான் காட்டுவார்கள். அது மாகிரட்டின் வீடு. அவளுக்கு ஐம்பத்து நாலு வயது. பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை, கல்யாணப் பிளவுஸ், கோயில் பீடத்துக்கு விரிக்கும் துணி, வள்ளம் மூடும் தறப்பாள் என்று அவளுடைய மெஷின் ஊசி குத்தாத துணி அந்தப் பக்கத்தில் கிடையாது. மெஷின் ஓடும்போது வாயும் ஓடும். மெஷின் நின்றாலும் வாய் நிற்காது.

கொடி தைக்கும் வேலை சவேரியார் சிற்றாலயத்தால் வந்தது. திருவிழாவுக்கு வீதி முழுக்கக் கட்டும் சின்னச் சின்ன மஞ்சள் வெள்ளைக் கொடிகளை இருபத்திரண்டு வருடமாக அவள்தான் தைக்கிறாள். அதைப் பார்த்து பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கு இல்லக்கொடி கேட்டார்கள், தைத்தாள். கட்சிக்கொடி கேட்டார்கள், எந்தக் கட்சியென்று பாராமல் தைத்தாள். நாட்டின் சிங்கக் கொடி தைக்கச் சொன்னால் மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவாள். அதற்கு ஊரில் ஆளுக்கொரு அரசியல் காரணம் சொன்னார்கள். அவளுக்கு அதில் ஒரு அரசியலும் இல்லை. சிங்கத்தின் கால் நகங்களை ஒருமுறை தைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அது எவ்வளவு சள்ளை பிடித்த வேலையென்று.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு நவம்பரில் உலகக் கிண்ணக் கால்பந்து தொடங்கியது. ஊரில் பாதி பிரேசில், பாதி அர்ஜென்டினா. இரண்டு பாதியும் மாகிரட்டிடம்தான் வந்தன. பிரேசிலின் நீல உருண்டைக்குள் எத்தனை நட்சத்திரம் என்று ஒருவருக்கும் சரியாகத் தெரியாததால் துணி மிச்சப்பட்ட அளவுக்கு அவள் நட்சத்திரம் வைத்தாள். ஒருவன் நெதர்லாந்துக் கொடி கேட்டான். படத்தைச் சரித்துப் பிடித்துப் பார்த்துத் தைத்ததில் அது பிரான்ஸ் ஆகிவிட்டது. அடுத்த ஒழுங்கையில் பிரான்சுக்கு ஒரு ஆள் இருந்தபடியால் துணி வீண்போகவில்லை.

வேலியில் போன ஓணானை மடியில் விட்ட கதையாக, யாரோ சில வாலிபர்கள் அவள் தைத்த பத்தடி பிரேசில் கொடியைக் கொண்டுபோய் விளையாட்டு மைதானத்துக் கம்பத்தில், பறந்துகொண்டிருந்த தேசியக் கொடிக்கு மேலே கட்டிவிட்டார்கள். அடுத்த நாளே மேலிடத்திலிருந்து பொலிசுக்குக் கடிதம் வந்தது. வெளிநாட்டுக் கொடி எதையும் அனுமதியில்லாமல் பொது இடத்தில் பறக்கவிடக் கூடாது, இருப்பவற்றைக் கழற்ற வேண்டும் என்று அதில் இருந்தது. அந்தக் கடிதத்தை நிறைவேற்றும் பொறுப்பு சார்ஜன்ட் லாபிரிடம் வந்து சேர்ந்தது.

லாபிர் மூதூர்ப் பக்கத்து ஆள். கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் கடதாசியில் எழுதியிருப்பதற்கு ஒரு நூல் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போகமாட்டார். உலகத்துக் கொடிகள் எல்லாவற்றின் படத்தையும் கைபேசியில் இறக்கி வைத்துக்கொண்டு வீதி வீதியாக ஒப்புப் பார்த்தார். அவர் உள்ளுக்குள் அர்ஜென்டினா ஆள், செவ்வாய்க்கிழமை அர்ஜென்டினா தோற்றதிலிருந்துதான் இந்த உக்கிரம் என்று பிரேசில்காரர்கள் கதைத்தார்கள்.

மாகிரட்டுக்கு இதொன்றும் காதில் ஏறவில்லை. அவளுக்கு அந்த வாரம் அதைவிடப் பெரிய போர் இருந்தது. திருவிழா தொடங்கும் நாளில் கம்பத்தில் ஏறும், பாப்பரசரின் சாவிகள் பொறித்த பெரிய கொடி எப்போதும் கொழும்பில் அச்சடித்து வரும். சின்னக் கொடி மாகிரட்டுக்கு, பெரிய கொடி கொழும்புக்கு என்பது எழுதாத சட்டம். அந்த வருடம் அவள் கோயில் கூட்டத்தில் எழுந்து, பெரிய கொடியையும் தான் தைக்கிறேன் என்றாள். கோயில் சபையின் செயலாளர் பாக்கியரத்தினம் சிரித்தார்.

"தங்கச்சி, அதில பாப்பரசற்ற திறப்பு ரெண்டு குறுக்கால கிடக்குது. பிளவுஸ் தைக்கிற மெஷினில அது வருமே?"

"நான் என்ர மெஷினில வள்ளத்துக்குத் தறப்பாள் தைச்சனான் அண்ணை. உங்கட திறப்பு வராதோ?"

பாதர் சிரித்துவிட்டுச் சரி என்றார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்களே, பாக்கியரத்தினம் கொழும்புக்குச் சொல்லி ஒரு அச்சுக்கொடியை எடுப்பித்துத் தன் வீட்டு அலுமாரியில் மடித்து வைத்தார். "ஒரு அவசரத்துக்கு" என்று எல்லாரிடமும் சொன்னார். தன் கொடி ஒழுங்காக வராது என்று ஊரறியச் சொல்வதற்குத்தான் அந்த அலுமாரி என்று மாகிரட்டுக்கு விளங்கியது. இருபத்திரண்டு வருடம் தலைக்கு மேலே வேறொருவன் கொடி பறக்க, அதற்குக் கீழே காகிதத்தோரணம் மாதிரித் தொங்கும் சின்னக் கொடிகளைத் தைத்தவள் அவள். ஒரே ஒரு வருடம் அண்ணாந்து பார்த்து, அது என்னுடையது என்று சொல்ல வேண்டும் என்று அவளுக்கு ஆசை. பெரிய ஆசைதான். அதை அவள் மறைக்கவும் இல்லை.

பதினொரு நாள் தைத்தாள். திறப்புகள் வரைவதற்குப் படத்தைப் பார்த்துப் பார்த்துக் கண் நொந்ததுதான் மிச்சம். கடைசியில் வீட்டு அலுமாரித் திறப்பையும் கோயில் வாசலின் பழைய இரும்புத் திறப்பையும் துணியில் வைத்துச் சுற்றிக் கோடு கீறி, அதைப் பெரிதாக்கி வெட்டினாள். தங்கத்துக்குத் தன் கூறைச்சேலைக் கரை. வெள்ளிக்கு ஒரு நடனப் பிள்ளையின் உடுப்பில் மிஞ்சிய துணி. புதன்கிழமை பின்னேரம் முடிந்தது. அவளே கண்ணூறு படுமோ என்று பயப்படும் அளவுக்கு அது வடிவாக இருந்தது.

வியாழன் பின்னேரம் ஐந்து மணிக்குக் கொடியேற்றம். காலையில் கொடிக்குக் கஞ்சி போட்டு வெயிலில் காயப்போட வேண்டியிருந்தது. வீட்டின் பின்பக்கம் கடல், உப்புக்காற்று. போதாததற்குக் கருவாடும் காகமும். ஆகவே முன்பக்கம், வீதியோரத்துக் கம்பியில் காயப்போட்டாள். அதே கம்பியில் தோய்த்துப் போட்ட இரண்டு பிரேசிலும் ஒரு அர்ஜென்டினாவும் ஏற்கெனவே தொங்கின. கொடிக்கயிறு வாங்கக் கடைக்குப் போய்த் திரும்பி வந்தபோது கம்பியில் உடுப்புக் கிளிப்புகள் மட்டும் இருந்தன.

கணவன் யேசுரட்ணம் கடலுக்குப் போய்வந்த அலுப்பில் கதிரையில் சாய்ந்திருந்தான்.

"இஞ்சாருங்கோ, கொடியெல்லாம் எங்க?"

"பொலிஸ் வந்து கொண்டு போட்டாங்கள்."

"எதை?"

"எல்லாத்தையும். வெளிநாட்டுக் கொடியாம். கழட்டிக்கொண்டு போகட்டோ எண்டு கேட்டாங்கள். நான் ஓம் எண்டனான்."

"கோயில் கொடியையுமோ? நீங்கள் சொல்லேல்லையோ?"

"சொன்னனான். அந்த சார்ஜன்ட் ஃபோனில ஒரு படத்தைக் காட்டினார். அச்சொட்டா எங்கட கொடிதான். கீழ ஒரு நாட்டின்ர பேர் கிடந்துது. படம் காட்டின ஆளோட என்னெண்டு கதைக்கிறது?"

மாகிரட் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டாள். பிறகு சட்டென்று நிமிர்ந்து, "துண்டு வாங்கினீங்களோ?" என்று கேட்டாள்.

யேசுரட்ணம் முழித்தான்.

"எத்தினை வருஷம் கடலுக்குப் போக விடியக் காலமை லைனில நிண்டனீங்கள்? போறதுக்குத் துண்டு, வாறதுக்குத் துண்டு, இஞ்சினுக்கொரு துண்டு, வலைக்கொரு துண்டு. ஒரு துண்டு துலைச்சதுக்கு ரெண்டு நாள் உள்ளுக்க இருந்த மனுசன், என்ர கொடியைத் துண்டில்லாமக் குடுத்திட்டு இருக்கிறீங்களே!"

சண்டைக்காலத்தில் அந்தக் கரையில் துண்டு என்ற அனுமதிக் கடதாசி இல்லாமல் ஒரு மீன்கூட அசைந்ததில்லை. அந்த வயதுக்காரர் யாராவது ஒரு பொருளைச் சீருடைக்காரரிடம் கொடுத்துவிட்டு எழுத்தில் ஒன்றும் வாங்காமல் வந்தார் என்றால் அவருக்கு மூளை பிசகிவிட்டது என்று அர்த்தம். யேசுரட்ணத்துக்கும் அது தெரியும். தலையைக் குனிந்துகொண்டான். அவள் சைக்கிளை எடுத்தாள்.

வழியில் பாக்கியரத்தினம் மறித்தார். செய்தி அவளுக்கு முந்தி அவரிடம் போய்விட்டது. முகத்தில் கவலையும் குரலில் கல்யாணக் களையும் இருந்தன.

"ஒண்டுக்கும் யோசியாத தங்கச்சி. என்னட்ட மற்றது இருக்குது. அஞ்சு மணிக்கு உன்ர வந்தால் உன்ர. வராட்டில் கோயில் காரியம் நிக்கப்படாது பார்."

"வரும் அண்ணை" என்றாள் மாகிரட். சைக்கிள் மிதிக்க மிதிக்க அவளுக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. கோபத்தை வைத்துக்கொண்டு அழுகையை விழுங்கினாள்.

பொலிஸ் நிலையத்தின் பொறுப்பதிகாரியான பெரியவர் கூட்டத்துக்குப் போயிருந்தார். லாபிர் மேசையில் இருந்தார். அவருக்குப் பக்கத்தில் கொடிகள் மடித்து அடுக்கியிருந்தன. அர்ஜென்டினா மற்றவற்றைவிடக் கொஞ்சம் கவனமாக மடித்திருந்ததை மாகிரட் கண்டாள்.

"சேர், அந்த மஞ்சள் வெள்ளை கோயில் கொடி. வெளிநாட்டுக் கொடி இல்லை."

"வத்திக்கான் எண்டு ஒரு நாடு இருக்குதக்கா. அந்த நாட்டுக் கொடிதான் இது. பாருங்க, அதே மஞ்சள், அதே வெள்ளை, அதே திறப்பு."

"அது பாப்பரசற்ற கொடி."

"அவர்தான் அந்த நாட்டுக்குத் தலைவர்."

மாகிரட் கொஞ்ச நேரம் யோசித்தாள். ஐம்பத்து நாலு வருடம் பூசைக்குப் போகிறாள். இப்படி ஒரு நாடு இருப்பதாக ஒரு பிரசங்கத்திலும் கேட்டதாக அவளுக்கு ஞாபகம் இல்லை.

"நாடெண்டால் சேர், உலகக் கிண்ணத்தில அவையின்ர ரீம் எங்க?"

லாபிர் வாயைத் திறந்தார். பிறகு கைபேசியை எடுத்து, முப்பத்திரண்டு அணிகளின் பட்டியலை மேலிருந்து கீழே உண்மையிலேயே பார்த்தார்.

"இல்லைதான்" என்றார். "ஆனா நாடுதான். ரீம் இல்லாத நாடும் நாடுதான். நம்மட நாட்டுக்கும் அங்க ரீம் இல்லையே."

மாகிரட் சுவரோரத்து மர வாங்கில் போய் இருந்தாள். பெரியவர் வந்தால் கேட்கலாம் என்று லாபிர் சொன்னார். ஒரு மணியானது, இரண்டு மணியானது. லாபிருக்கும் உள்ளுக்குள் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். தான் செய்வது சரிதான் என்று காட்ட, கடிதத்தை எடுத்து அவளுக்குச் சத்தமாக வாசித்தார்.

"வெளிநாட்டுக் கொடியை அனுமதியில்லாமப் பறக்கவிடக் கூடாது. அனுமதி குடுத்தாலும் தேசியக் கொடி கூடவே பறக்கணும். தேசியக் கொடிக்கு மேல ஒண்டும் பறக்கக் கூடாது. கிழிஞ்ச, மங்கின தேசியக் கொடியை ஏத்தக் கூடாது. விளங்கிச்சா அக்கா? நானா எழுதினது இல்லை."

"கடைசியா வாசிச்சதை இன்னொருக்கா வாசியுங்கோ சேர்."

வாசித்தார்.

மாகிரட் யன்னலுக்கு வெளியே பார்த்தாள். வாங்கில் இருந்த இரண்டு மணித்தியாலமும் அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தையல்காரியின் கண் துணியில் பிரிந்த இடத்துக்குத்தான் முதலில் போகும். அவள் பார்த்த திசையில் லாபிரும் பார்த்தார். முற்றத்துக் கம்பத்தில் சிங்கக் கொடி காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. கயிற்றுப் பக்கத்து ஓரம் ஒரு முழ நீளத்துக்குத் தையல் விட்டுத் தனியாக ஆடியது.

லாபிர் கையிலிருந்த கடிதத்தை மெதுவாக மடித்தார்.

"நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன் தம்பி" என்றாள் மாகிரட். சேர் தம்பி ஆனதை இருவருமே கவனித்தார்கள். "இறக்கித் தாங்கோ. ஊசி நூல் என்ர பையில எப்பவும் இருக்கும்."

லாபிர் வெளியே போய், விறைப்பாக நின்று சலூட் அடித்து, கொடியை இறக்கிக் கையில் ஏந்திக்கொண்டு வந்தார். மாகிரட் அதை மடியில் விரித்துப் பார்த்தாள்.

"சிங்கத்துக்கு ஒண்டுமில்லை. நல்லா இருக்கிறார். இந்தக் கரையிலதான் பிரிஞ்சிருக்குது. பச்சையும் செம்மஞ்சளும்."

பச்சை முஸ்லிம்களுக்கு, செம்மஞ்சள் தமிழர்களுக்கு என்று இரண்டு பேரும் நாலாம் வகுப்பில் பாடமாக்கியவர்கள். லாபிர் தொண்டையைச் செருமினார்.

"நம்மட ரெண்டு பேர்ர பக்கமும்தான்."

"கயிறு இழுக்கிறது இந்தப் பக்கத்தாலதானே தம்பி. முதல்ல கிழியிறதும் இதுதான்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. பயந்துபோய் நிமிர்ந்தாள். லாபிர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். அவளும் சிரித்துவிட்டாள். பிறகு குனிந்து, பச்சையைச் செம்மஞ்சளோடும் செம்மஞ்சளைச் சிங்கத்தின் பக்கத்தோடும் சேர்த்து இரட்டைத் தையல் போட்டாள். வேண்டாவெறுப்பாகப் போடவில்லை. துணி என்று வந்துவிட்டால் அவளுக்கு அரைகுறை வேலை தெரியாது.

மூன்றரைக்குப் பெரியவர் வந்தார். லாபிர் எழுந்து நின்று விஷயத்தைச் சொன்னார். பெரியவர் மஞ்சள் வெள்ளைக் கொடியைப் பார்த்தார், லாபிரைப் பார்த்தார், நெற்றியைத் தடவிக்கொண்டார். கோயில் காரியந்தானே, பக்கத்தில் தேசியக் கொடியும் ஏறினால் போதும், கொடுத்தனுப்பு என்றார்.

லாபிர் கொடியை நீட்டினார். மாகிரட் கையை நீட்டவில்லை.

"துண்டு ஒண்டு எழுதித் தாங்கோ."

"என்ன துண்டக்கா? கொண்டு போங்க."

"ஏலாது தம்பி. வழியில இன்னொருத்தர் மறிச்சா? ஏறின பிறகு இன்னொருத்தர் வந்து இறக்கச் சொன்னா? எழுத்தில தாங்கோ. இது எந்தக் கொடி, என்ன அளவு, எல்லாம் போடுங்கோ. மொட்டையா ஒரு கொடியெண்டு எழுதாதேங்கோ."

எழுதச் சொன்னால் லாபிருக்குச் சர்க்கரை. வரி கோணாமல் இருக்க அடித்தாளை வைத்து, கொடியை மேசையில் விரித்து அளந்து எழுதினார். இத்தால் அறியத்தருவது, திருமதி யேசுரட்ணம் மாகிரட் தமது கையால் தைத்ததும், ஆறடி நீளமும் நாலடி அகலமும் உடையதும், துணியால் வெட்டிய இரண்டு திறப்புகள் பதித்ததுமான மஞ்சள் வெள்ளைக் கொடி ஒன்று, தேசியக் கொடியுடன் சேர்த்து, சவேரியார் திருவிழா முடியும்வரை சிற்றாலய முன்றலில் பறப்பதற்கு ஆட்சேபனை இல்லை. பெரியவர் கையொப்பம் வைத்து முத்திரை குத்தினார்.

அவள் சைக்கிளில் கோயில் வாசலுக்கு வந்தபோது ஐந்துக்குப் பத்து நிமிடம் இருந்தது. சனம் நிறைந்திருந்தது. பாக்கியரத்தினம் கொழும்புக் கொடியைக் கயிற்றில் கட்டி முடிச்சுப் போட்டுவிட்டார்.

"பிந்திப் போச்சு தங்கச்சி" என்றார் இரக்கமாக. "கட்டினதை அவிழ்க்கிறது அபசகுனம். அடுத்த வருஷம் பாப்பம்."

அப்படி ஒரு சகுனத்தை அந்தக் கோயிலில் அதற்கு முன் ஒருவரும் கேட்டதில்லை. பாதர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வாயால் ஊரை விற்கிறவளுக்கு அந்த நேரம் பார்த்து ஒரு சொல் வரவில்லை. கொடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

பின்னால் மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. திருவிழாக் கடமைக்கு வந்த லாபிர். இறங்கி, சிங்கக் கொடி அதன் கம்பத்தில் ஏறியிருக்கிறதா என்று பார்த்தார். வழக்கம்போலக் காலையிலேயே ஏறியிருந்தது. கிழிசல் உண்டா என்றும் பார்த்தார். பிறகு மற்றக் கம்பத்தடிக்கு வந்தார்.

"இந்தக் கொடிக்குத் துண்டு எங்க?"

"என்ன துண்டு சேர்?" என்றார் பாக்கியரத்தினம். "நீங்கள்தானே விட்டனீங்கள். அதே கொடிதான் இது. அதே மஞ்சள், அதே வெள்ளை."

லாபிர் மாகிரட்டிடம் கையை நீட்டினார். அவள் கடதாசியைக் கொடுத்தாள். அதைத் தானே எழுதியது என்று காட்டிக்கொள்ளாமல், ஒவ்வொரு சொல்லாக, சனம் கேட்க வாசித்தார். தமது கையால் தைத்ததும் என்ற இடத்தில் பாக்கியரத்தினத்தின் கொடியைத் திருப்பிப் பார்த்தார். துணியால் வெட்டிய இரண்டு திறப்புகள் என்ற இடத்தில் அச்சடித்த திறப்பை விரலால் தடவிப் பார்த்தார்.

"இது அச்சு. அளவும் வேற. இதுக்கு அனுமதி இல்லை ஐயா. வேணுமெண்டா திங்கட்கிழமை வந்து எழுதிக் குடுங்க, மேலிடத்துக்கு அனுப்புறன்."

முகம் கல்லாக இருந்தது. மீசைக்குக் கீழே என்ன நடந்தது என்பது கிட்ட நின்ற மாகிரட்டுக்கு மட்டும் தெரிந்தது.

பாக்கியரத்தினம் தன் கையாலேயே முடிச்சை அவிழ்த்தார். யேசுரட்ணம் சனத்தை விலக்கிக்கொண்டு வந்து மனைவியின் கொடியைக் கயிற்றில் கட்டினான். காலையில் விட்ட பிழைக்கு ஈடாக மூன்று முடிச்சு. மணி அடித்தது. கொடி சுருண்டபடி மேலே போய், உச்சியில் கடற்காற்றுப் பட்டதும் உதறிக்கொண்டு விரிந்தது. மாகிரட் அண்ணாந்து பார்த்தாள். என்னுடையது என்று சொல்ல நினைத்திருந்தவள், சொல்லவில்லை. விம்மி விம்மி அழுதாள். பக்கத்தில் நின்ற பெண்கள் அதைப் பக்தி என்று நினைத்து அவர்களும் அழுதார்கள்.

பூசை முடிந்தது. பாதர் அவளிடம் வந்து, கொடி மிக வடிவு என்று வாயாரப் பாராட்டிவிட்டு, அந்தப் பொலிஸ் கடிதத்தைத் தந்தால் கோயில் கோப்பில் பத்திரமாக வைக்கலாம் என்று கேட்டார்.

மாகிரட் கடதாசியை எடுத்துப் பார்த்தாள். அவள் அறிந்த துண்டுகள் எல்லாம் போக விடு, வர விடு என்று கெஞ்சி வாங்கியவை. யேசுரட்ணத்தின் பெயர் இருந்தது, வள்ளத்தின் இலக்கம் இருந்தது, இஞ்சினின் இலக்கம்கூட இருந்தது. அவள் கையால் செய்த ஒன்றைப் பற்றி, அவள் பெயரைப் போட்டு, முத்திரை குத்தி ஒருவரும் அதுவரை எழுதித் தந்ததில்லை.

நாலாக மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டாள்.

"கொடி கோயிலுக்கு, பாதர். துண்டு எனக்கு."